ஐஸ் கம்பெனி சர்வரை நிறுத்த மாட்டோம்

தென்கடல் காற்றுமின் நிறுவனத்தின் பொது மேலாளர் அவர்களுக்கு,

ஐயா,

தங்கள் வக்கீல் மூலம் அனுப்பிய நோட்டீஸ் கிடைத்தது. சிலுவைத்துறை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் ஐஸ் கம்பெனியில் ஓடிக்கொண்டிருக்கும் தேடல் சர்வரை உடனே நிறுத்த வேண்டும், அதில் சேர்ந்திருப்பதை அழிக்க வேண்டும், கோபுரம் ஏறுகிறவர்களின் ஹெல்மெட்டுகள் பழையபடி தனித்தனியாக இயங்க வேண்டும் என்று அதில் கேட்டிருக்கிறீர்கள். பதில்: முடியாது.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் தாங்கள் இந்தப் பதவிக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. முன்னால் இருந்தவர் என்ன சொல்லிவிட்டுப் போனார் என்று எனக்குத் தெரியாது. எதை அழிக்கச் சொல்கிறோம் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள் என்று நம்ப விரும்புகிறேன். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளில் ஏறுகிறவர்களின் ஹெல்மெட், காதில் விழுவதை நினைவில் வைத்துக்கொள்ளும். கேட்டால் திருப்பிச் சொல்லும். அத்தனை உயரத்தில், இரண்டு கையும் வேலையில் மாட்டியிருக்கும்போது கையேட்டைப் புரட்ட முடியாது. “போன தடவ இந்த மூடிய எந்தப் பக்கமாத் திருப்புனேன்?” என்று கேட்டால், போன தடவை அவர் பேசியதையே தேடி எடுத்துக் காதில் போடும். தேடும் வேலையைச் செய்வது ஹெல்மெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறிய நிரல். எங்கள் தொழிலில் அதை லைப்ரரி என்போம். அதில் புத்தகமும் கிடையாது, அது தனியாக ஓடவும் செய்யாது. எதற்குள் வைக்கிறோமோ அதற்கு மட்டும் உழைக்கும். ஒருவருடைய ஹெல்மெட் அவருக்கு மட்டும் பதில் சொல்லும். பக்கத்தில் நிற்பவருக்கு அது ஊமை.

அந்த லைப்ரரியை எழுதியவள் நான். விரல்நகம் அளவு சில்லுக்குள் ஒரு ஆளின் வருடக்கணக்கான பேச்சை அடக்க வேண்டியிருந்தது. அதனால் வார்த்தைகளை மட்டும் வைத்துக்கொண்டு, காற்று, இரைச்சல், இரும்புச் சத்தம் எல்லாவற்றையும் வடிகட்டி எறிந்துவிடும்படி எழுதினேன். இதை மட்டும் தாங்கள் மறக்காமல் இருக்க வேண்டும்.

முதன்முதலில் அதைப் போட்டுப் பார்த்தவர் கிளமென்ட் பர்னாந்து. காலையில் வீட்டிலிருந்தே அதை மாட்டிக்கொண்டு வந்தவர், படகுத்துறையில் எல்லோரும் கூடி நிற்க, “ரெக்சி காலைல என்ன வாங்கிட்டு வரச் சொன்னா?” என்று கேட்டார். வெளி ஒலிபெருக்கியை அணைக்க நான் மறந்திருந்தேன். அவர் மனைவி ரெக்சலினின் குரல் துறை முழுக்கக் கேட்டது.

“அரைக் கிலோ சின்ன உள்ளி, பிள்ளைக்கு இருமல் மருந்து. மறந்துட்டு வந்தியன்னா வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்காதிய.”

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. ரெக்சலினின் தம்பி சூசை, “அத்தான், இனிமே மறந்துட்டேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது பாத்துக்கிடுங்க” என்றான்.

“லேய், நீ கல்யாணம் பண்ணு, ஒனக்கு இதவிடப் பெரிய சத்தமா வச்சுத் தாரேன்” என்றார் கிளமென்ட்.

சூசையும் கிளமென்ட்டும் ஒரே ஜோடியாகத்தான் கோபுரம் ஏறுவார்கள். இறக்கைகள் மூன்றும் வந்து சேரும் தலைப்பகுதிக்குள் ஒருவர் நுழைந்து வேலை பார்ப்பார். அப்போது பிரேக், இறக்கைச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும். பின்னால் இருக்கும் இயந்திர அறையில் இன்னொருவர் நின்று, பிரேக்கின் அழுத்தம் குறையாமல் கைப்பம்பை அடித்துக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவரின் உயிர் பம்பு அடிப்பவர் கையில். தங்கள் கம்பெனியின் பாதுகாப்புப் புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருக்கிறார்கள்.

புத்தகத்தில் இல்லாத ஒன்றும் உண்டு. எங்கள் ஊர் வள்ளங்களில், வலை எங்காவது சிக்கினால் முன்னால் நிற்பவர் கத்த மாட்டார். காற்றில் கத்தினால் கேட்காது. வள்ளத்தின் விளிம்புப் பலகையைத் தட்டுவார். கட்டையில் ஓடும் சத்தம் பின்னால் இருப்பவரின் காலுக்கே தெரியும். கோபுரம் ஏறப் போன பையன்கள் அதையும் கூடவே கொண்டு போனார்கள். பம்பில் அழுத்தம் நழுவுகிறது என்று பட்டால் ஸ்பேனரால் இரும்புச் சட்டத்தில் வேகமாக இரண்டு தட்டு, கொஞ்சம் விட்டு ஒரு தட்டு. வெளியே வா என்று அர்த்தம். உள்ளே இருப்பவர் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிடுவார்.

ரேடியோ இருக்கும்போது ஏன் தட்ட வேண்டும் என்று தாங்கள் கேட்கலாம். காரணம் தங்கள் கம்பெனியின் விதிதான். கோபுரத்தின் மேலிருந்து “பிரேக்” என்ற சொல் ரேடியோவில் வந்தால் அந்தக் கோபுரத்தை உடனே மூடிவிடுவார்கள். விசாரணை முடியும்வரை சொன்னவர் தரையில் உட்கார வேண்டும். விசாரணை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. சொன்ன சிலர் இன்னும் துறையில் கயிறு சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் அந்தச் சொல்லையே மேலே யாரும் வாயில் எடுப்பதில்லை. தட்டுவார்கள், வெளியே வருவார்கள், அழுத்தம் ஏறியதும் மறுபடி உள்ளே போவார்கள். இறங்கியபின் அதைப் பற்றிப் பேசுவதும் கிடையாது. ஒவ்வொருவரும் தன் கோபுரத்தில் மட்டும்தான் அப்படி, இல்லாவிட்டால் தான் பம்பு அடிப்பதில்தான் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த நிலையில்தான் தங்கள் கம்பெனியிலிருந்து நந்தகோபன் என்ற இன்ஜினியர் வந்தார். நல்ல பையன், சட்டைப்பையில் எப்போதும் கடலைமிட்டாய் வைத்திருப்பார். எல்லா ஹெல்மெட்டுகளையும் ஒரே சர்வரில் இணைக்கப் போவதாகச் சொன்னார். சங்கக் கூடத்தில் கூட்டம் போட்டு விளக்கினார்.

“இப்போ ஒவ்வொருத்தர் வீட்லயும் ஒரு கிணறு இருக்கற மாதிரி. உங்க கிணத்துல உங்க தண்ணி மட்டும்தான். சர்வர்ங்கறது ஊருக்கே பொதுவா ஒரு மேல்நிலைத் தொட்டி. ஒருத்தர் கத்துக்கிட்டது எல்லாருக்கும் கிடைக்கும். புதுசா வர்ற பையன் கேட்டாக்கூட, இருபது வருஷம் ஏறினவர் பேசினது பதிலா வரும். ஹெல்மெட்டுக்குள்ள இடம் பத்தலைங்கற கவலையே இல்ல.”

கூட்டத்தில் பின்னாலிருந்து சூசை எழுந்தான். “எல்லாஞ் சரி சார். தொட்டிக்குச் சாவி யாருட்ட இருக்கும்?”

“சாவியா? அப்படி எதுவும் இல்லையே. ஆபீஸ்ல இருந்து பார்த்துக்குவாங்க.”

“அப்ப நாங்க என்ன பேசுதோம்னு ஆபீஸ்ல கேக்கலாம். ஆபீஸ்ல என்ன பேசுதாவன்னு நாங்க கேக்க முடியாது. அது தொட்டியில்ல சார், ஒட்டுக்கேக்க வச்ச சுவரு.”

பொது மேலாளராக அப்போது இருந்தவர், அதுதான் தங்களுக்கு முன் இருந்தவர், சிரித்துக்கொண்டே, “வேற என்ன வேணும் உங்களுக்கு?” என்றார். லைப்ரரியின் உரிமை சங்கத்திடம் இருந்தது. நாங்கள் ஒப்புக்கொள்ளாமல் மாற்ற முடியாது. நான் ஒரே ஒரு வரி கேட்டேன். ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவாக அது இருக்கிறது: ‘கம்பெனியின் ஹெல்மெட்டை அணிந்தவர் எவரும் சர்வரில் உள்ள எதையும் கேட்கலாம், அணிந்தவர் எவருடைய பதிவும் சர்வரில் சேரும்.’

“அவ்வளவுதானா?” என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஏறுகிறவர்கள் கம்பெனியைத் தேடிப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சர்வரைக் குளிர வைக்கும் செலவைக் குறைக்க, எங்கள் ஐஸ் கம்பெனியில் காலியாகக் கிடந்த ஓர் அறையையும் அவர்தான் கேட்டு வாங்கினார். ஐஸ் பாறைகளுக்கு நடுவே, மீன் வாசத்தில், அந்தக் கறுப்புப் பெட்டிகள் வந்து உட்கார்ந்தன. பெட்டிகள் சங்கத்தின் சொத்து என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. துருப்பிடித்தால் சங்கமே மாற்றிக்கொள்ளட்டும் என்பதற்காக அவர் எழுதச் சொன்னது.

சூசை பயந்ததுதான் நடந்தது. மேற்பார்வையாளரைக் கேலி செய்த ஒருவருக்கு மெமோ வந்தது. தூக்கம் வருகிறது என்று மேலே முணுமுணுத்தவருக்கு ஒரு வாரம் வேலை இல்லை. தன் மகளுக்கு வரன் பார்ப்பதைப் பற்றி ஒருவர் மேலே பேசியது, மாப்பிள்ளை வீட்டுக்காரர் காதுக்கே போய்ச் சேர்ந்தது. பையனின் சித்தப்பாவும் ஏறுகிறவர்தான், ஏழாவது பிரிவு அவருக்கும் உண்டல்லவா. நான் கேட்டு வாங்கிய வரி எங்களையும் வெட்டியது. ஆட்கள் மேலே பேசுவதை நிறுத்தினார்கள். துறையில் ஒரு நாள் கிளமென்ட் என்னிடம், “நடுக்கடல்ல தனியா வலை போட்டப்பகூட நான் இப்படி ஊமையா இருந்ததில்ல, ஜெசிந்தா” என்றார். அவரோடு நான் பேசியது அதுதான் கடைசி.

அவர் எப்படி இறந்தார் என்பது தங்கள் கோப்பில் இருக்கும். தலைப்பகுதிக்குள் இருக்கும்போது சக்கரம் சுற்றிவிட்டது. இயந்திர அறையில் பம்போடு இருந்தவன் சூசை.

விசாரணை தங்கள் கூட்ட அறையில் நடந்தது. சங்கத்தின் சார்பில் நானும் இருந்தேன். சூசை சொன்னது இவ்வளவுதான்: “பம்பு அடிச்சிட்டேதான் இருந்தேன். அழுத்தம் நிக்கல. தட்டுனேன். அத்தானும் தட்டுனாவ. வாரதுக்குள்ள சுத்திட்டு.”

“தட்டினேன்னா என்னப்பா அர்த்தம்?” என்றார் மேலாளர். “ரேடியோ இருக்கில்ல?”



மேலாளர் நந்தகோபனைப் பார்த்தார். நந்தகோபன் பெரிய திரையில் தேடினார். பிரேக் என்று போட்டார். நழுவல், அழுத்தம், பயம், ஆபத்து என்று ஒவ்வொன்றாகப் போட்டார். கோபுரங்களின் மேலிருந்து ஒன்றுகூட வரவில்லை.

“சர்வர்ல எல்லாருடைய பேச்சும் இருக்கு. சர்வர் வந்ததுல இருந்து இத்தனை பேர்ல ஒருத்தர்கூட பிரேக்கைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. இன்னைக்கு மட்டும் நழுவிடுச்சா?” மேலாளர் என் பக்கம் திரும்பினார். “அந்தத் தட்டுற சத்தம் பதிவாகியிருக்குமா, மேடம்? நீங்கதானே இதையெல்லாம் எழுதினவங்க?”

வார்த்தை அல்லாத சத்தம் எதுவும் ஹெல்மெட்டில் நிற்காது என்று சொன்னேன். எனக்குத் தெரிந்த உண்மை அதுதான். சூசை என்னை ஒரு பார்வை பார்த்தான். பம்பை விட்டுவிட்டுத் தூங்கினான் என்று போலீசில் புகார் எழுதப்பட்டது. பத்து நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தான்.

ரெக்சலினிடம் ஒரு தாளை நீட்டினார்கள். கணவர் சாவுக்குத் தம்பியின் கவனக்குறைவுதான் காரணம், கம்பெனி மேல் குறை இல்லை என்று. அவள் தாளை வாங்கினாள். கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை. மறுநாள் காலையில் அதைக் கையில் வைத்துக்கொண்டே ஐஸ் கம்பெனிக்கு என்னைத் தேடி வந்தாள்.

“ஜெசிந்தாக்கா, இதுல போடச் சொல்லுதாவ. போட்டா தம்பி செயிலுக்குப் போவான். போடலைன்னா நான் புருசனவிடத் தம்பிய ஒசத்தியா வச்சேன்னு மாமியா வீட்ல பேசுவாவ. எனக்கு இப்ப அது வேண்டாம். அவிய கடைசியா என்ன பேசுனாவன்னு நான் கேக்கணும். நல்லதோ கெட்டதோ, எங்காதால கேக்கணும்.”

“கேட்கிறதுக்கு ஹெல்மெட் போட்டிருக்கணும் ரெக்சி. ஏழாவது பிரிவு” என்றேன்.

மூலையில் கிடந்த ஒரு பயிற்சி ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். “போட்டாச்சு. போடுங்க.”

நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு கிளமென்ட்டின் கடைசி நிமிடங்களைக் கேட்டேன். இரண்டொரு சொற்கள் வரும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். காற்று வந்தது. அவருடைய மூச்சு வந்தது. ஏதோ பாட்டை முனகுவது வந்தது. கருவிப் பையை இழுப்பது, திருகாணி ஒன்று உருள்வது. இவற்றில் எதுவும் இருக்கக் கூடாது. என் லைப்ரரியாக இருந்தால் எல்லாவற்றையும் எறிந்திருக்கும். சர்வரில் இடத்துக்குக் குறைவில்லை என்பதால் எதை எறிவது என்று நந்தகோபன் யோசிக்கவே இல்லை; எல்லாவற்றையும் அப்படியே விட்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்ததில்லை.

பிறகு அது வந்தது. டக்டக். டக்.

ரெக்சலின் என் கையைப் பிடித்தாள். மிக அருகில், பதிலாக, ஒரே ஒரு டக். கிளமென்ட் தட்டியது. துணி உராயும் சத்தம். அவர் வெளியே வரத் திரும்புகிறார். மறுபடி டக்டக், டக். சூசை இன்னும் வேகமாகத் தட்டுகிறான். அவன் கத்துவதும் கேட்டது: “அத்தான்!” அதற்குப் பிறகு வந்ததை நான் எழுதப் போவதில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

“தட்டிருக்கான்” என்றாள். “தம்பி தட்டிருக்கான்க்கா. ரெண்டு தடவ.” அடுத்துக் கேட்டாள்: “இவன் மட்டுந்தானா? வேற யாருமே மேல தட்டுனதில்லையா?”

எனக்கு வந்திருக்க வேண்டிய கேள்வி அது. சர்வரில் சொல்லைக் கொடுத்துத்தான் தேட வேண்டும் என்றில்லை. ஒரு சத்தத்துண்டைக் கொடுத்து, இதைப் போல் இருப்பதையெல்லாம் கொண்டு வா என்றும் கேட்கலாம். அந்த மூன்று தட்டுகளை மட்டும் நறுக்கி எடுத்துக் கொடுத்தேன். எல்லா ஹெல்மெட்டுகளிலும், சர்வர் வந்த நாள் முதல்.

திரை நிரம்பியது. கீழே தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. வடக்கு வரிசைக் கோபுரங்கள், தெற்கு வரிசைக் கோபுரங்கள். அந்த வகைப் பிரேக் பொருத்திய ஒன்றுகூட விடுபடவில்லை. வேறு வகைப் பிரேக் உள்ள கோபுரங்களில் ஒரு தட்டும் இல்லை. விசாரணையில் ஒரு சொல்லும் கிடைக்காத அதே சர்வர்தான். வாயால் சொல்ல முடியாதபடி தங்கள் கம்பெனி விதி போட்டதை, எங்கள் ஆட்கள் இரும்பில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தனித்தனி ஹெல்மெட்டில் அது ஒவ்வொருவருடைய கைக்கோளாறு. ஒரே இடத்தில் சேர்ந்தபோதுதான் அது கம்பெனியின் கோளாறு என்று தெரிந்தது.

ரெக்சலின் அந்தத் தாளை நாலாக மடித்தாள். ஐஸ் பெட்டியின் ஆடும் காலுக்கு அடியில் செருகினாள். இப்போதும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்த வாரமே இதைத் தங்கள் கூட்ட அறையில் போட்டுக் காட்டினோம். முதல் கோபுரத்தின் தட்டு, அடுத்த கோபுரத்தின் தட்டு என்று வரிசையாக. அதுவரை தலை குனிந்தே இருந்த நந்தகோபன், “சார், பிரேக்கை எல்லாம் மாத்தணும். அதுவரைக்கும் யாரையும் உள்ள அனுப்பக் கூடாது” என்றார். மேலாளர் எங்கள் பக்கம் திரும்பி, “சர்வரால தேவையில்லாத குழப்பம். பழைய மாதிரி அவங்கவங்க ஹெல்மெட்லயே இருக்கட்டும். அதுதானே உங்களுக்கும் பிடிச்சிருந்தது?” என்றார். அந்த மாதமே அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். நந்தகோபனை வேலையிலிருந்து எடுத்தார்கள். பிரேக்குகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. சூசை மேல் கொடுத்த புகாரும் அப்படியே இருக்கிறது. அடுத்த மாதம் வழக்கு விசாரணைக்கு வருகிறது. சர்வரில் இருப்பதை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் தங்கள் நோட்டீஸ் வந்திருக்கிறது.

நோட்டீசை ஐஸ் கம்பெனி முற்றத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். எல்லோரும் ஒரே குரலில் மறுத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. லூர்து என்பவர், வரன் தட்டிப்போன பெண்ணின் தகப்பன், “கம்பெனி சொல்லுததும் சரிதான். கேசு முடியட்டும், அப்புறம் அணைச்சிருவோம். எம்பேச்சு என் தலைக்குள்ளயே கெடந்தாப் போதும். எம்மொவ கல்யாணம் நின்னது ஒங்களுக்கு வெளாட்டா?” என்று கேட்டார். சிலர் தலையாட்டினார்கள்.

ரெக்சலின் எழுந்தாள்.

“லூர்தண்ணே, அவிய போன பொறவு நான் எல்லார் ஹெல்மெட்லயும் அவிய பேர வச்சுத் தேடிப் பாத்தேன். என்னப் பத்தி என்னவெல்லாம் சொல்லியிருக்காவ தெரியுமா? மீன்கொழம்புல உப்புப் போடத் தெரியாதவன்னு. மாமியாகாரிக்கும் எனக்கும் சண்டைன்னா கடலுக்குப் போறதே நிம்மதின்னு. இதெல்லாம் ஒங்க முன்னால வச்சுத்தானே சொன்னாவ? நீங்களும் சேந்து சிரிச்சிருக்கிய, அதுவும் இருக்கு. அவ்வளவையும் கேட்டேன். மூணு நா சோறு எறங்கல. ஆனா அதுக்குள்ளதான் அந்தத் தட்டும் கெடந்துச்சு. இதைத் தூக்கிப் போட்டா அதுவும் போயிரும். எனக்கு ரெண்டும் வேணும். நீங்க அணைக்கணும்னா, நாளைக்கு மேல ஏறும்போது ஒங்களுக்குத் தட்டுத சத்தம் எங்க போய்ச் சேரும்னு சொல்லிட்டு அணைங்க.”

லூர்து, “உப்பு நெசமாவே கம்மியாத்தான் இருக்கும் பாத்துக்கோ” என்றார். அவர்தான் அன்றிலிருந்து ஐஸ் கம்பெனி வாசலில் முதல் முறைக்காவல். தங்கள் ஆட்கள் வயரைப் பிடுங்க வந்தால் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும். ஆளுக்கு ஒரு பொழுதாகக் காவல் இருக்கிறோம். பெண்கள் மீன் ஏலத்தை அந்த முற்றத்துக்கே மாற்றிவிட்டார்கள். வீட்டுப் பேச்சை எப்படி மறைத்து வைப்பது என்பதற்கு நாங்களே ஒரு வழி தேடிக்கொண்டிருக்கிறோம். அது எங்கள் வேலை; அதைச் சாக்காக வைத்து அணைக்கச் சொல்வது தங்கள் வேலை அல்ல.

இனி, தங்களுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டிய ஒன்று.

பதவி ஏற்ற வாரத்தில் தாங்கள் தெற்கு வரிசையில் ஒரு கோபுரத்தைப் பார்வையிட்டீர்கள். பார்வையாளர்களுக்கான வெள்ளை ஹெல்மெட் அணிந்திருந்தீர்கள். அதுவும் கம்பெனியின் ஹெல்மெட்தான். அதன் பதிவும் எங்களிடம் சேர்ந்திருக்கிறது. தலைப்பகுதிக்குள் நுழைந்து, பல்சக்கரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, உற்பத்தி ஏன் குறைகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அருகில் இருந்தவர் சட்டென்று தங்கள் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

“என்னய்யா, என்ன ஆச்சு?” என்று கேட்டீர்கள்.

“ஒண்ணுமில்ல சார். உள்ள புழுக்கமா இருக்கு. கொஞ்சம் வெளிய நிப்போம்” என்றார் அவர்.

ஆட்களுக்கு ஒழுக்கம் போதாது என்று இறங்கும்போது தாங்கள் சலித்துக்கொண்டதும் பதிவில் இருக்கிறது. அவர் இழுப்பதற்கு ஒரு நொடி முன்னால், காற்றுக்கு நடுவே, பின்னாலிருந்து ஒரு சத்தம் வருகிறது. அது என்ன சத்தம் என்று இவ்வளவு தூரம் படித்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் வெளியே வந்த பிறகு சக்கரம் ஒரு சாண் நகர்ந்து நிற்பதும் கேட்கிறது.

அன்று இயந்திர அறையில் பம்பு அடித்தவன் யார் என்று தங்களுக்குத் தெரிந்திருக்காது. ஹெல்மெட்டுக்குள் எல்லா முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஏறத் தெரிந்த ஆள் போதாததால், ஜாமீனில் இருந்தவனையே தங்கள் ஒப்பந்தக்காரர் கூப்பிட்டிருந்தார். தட்டியவன் சூசை.

ஐஸ் கம்பெனி பகல் முழுக்கத் திறந்திருக்கும். வரும்போது வெள்ளை ஹெல்மெட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள். ஏழாவது பிரிவின்படி தாங்களும் கேட்கலாம். கேட்டுவிட்டு, அதை அழிக்க வேண்டும் என்றால் அந்தப் பொத்தானைத் தாங்களே அமுக்குங்கள்; லூர்து வழி விடுவார்.

இப்படிக்கு,
ஜெசிந்தா வாஸ்,
கருவிப் பொறுப்பாளர்,
மீனவர் கூட்டுறவுச் சங்கம், சிலுவைத்துறை.